மென்பொருளுக்கும் ஒரு முத்தவல்லி

காயல்பட்டினத்துக் கடற்கரையில் மாலைநேரத்தில் மணலில் வந்து உட்காருவோருள், ஊரோடு தங்கிவிட்ட முதியவர்களும், சென்னையிலிருந்தும் வளைகுடா நாடுகளிலிருந்தும் விடுமுறைக்கு வந்திருக்கும் இளைஞர்களும் ஒருவரையொருவர் குசலம் விசாரித்துக்கொள்ளும் வழக்கம் நெடுங்காலமாக இருந்து வருகிறது. அவ்விதம் சென்ற மாதம் ஒரு நாள், சென்னையில் கணினி உத்தியோகத்தில் இருக்கும் என் உறவுக்காரப் பையன் ஒருவன் அருகில் வந்து அமர்ந்து, நெடுநேரம் கடலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “காக்கா, ஒருத்தர் தன் பொருளை என் கையிலே ஒப்படைக்கிறேன் என்கிறார். சம்பளம் கிடையாது, இலாபம் கிடையாது, வேலை மட்டும் உண்டு. வாங்கலாமா, வேண்டாமா?” என்று கேட்டான்.

விஷயம் இதுதான். தமிழ்ச் சொற்களைத் தேடவும் அகர வரிசையில் அடுக்கவும் உதவும் சிறு நிரல்தொகுப்பு ஒன்றை, எவரும் விலையின்றி எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம், பிறருக்கும் வழங்கலாம் என்ற அனுமதியோடு ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். இவன் அதைத் தன் காரியத்துக்காக எடுத்துப் பயன்படுத்தியபோது, ‘கொற்கை’ என்று தேடினால் சில ஆவணங்களில் அச்சொல் அகப்படுகிறது, சிலவற்றில் கண்ணெதிரே இருந்தும் அகப்படவில்லை. ஆராய்ந்து பார்த்தால், ‘கொ’ என்னும் எழுத்தின் ஒகரக் குறியை யூனிகோடு முறையில் ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகப் பிரித்தும் சேமிக்கலாம் என்பதும், திரையில் இரண்டும் அச்சொட்டாக ஒன்றே போலத் தோன்றினாலும் கணினிக்கு அவை வெவ்வேறு என்பதும், அந்த நிரல் இதைக் கவனிக்கவில்லை என்பதும் தெரிந்தன. அவன் நாலைந்து வரிகளில் அதைத் திருத்தி, இயற்றியவருக்கு அனுப்பி வைத்தான். எட்டு மாதம் மறுமொழியில்லை. பிறகு ஒரு கடிதம் வந்தது: தமக்குக் குழந்தை பிறந்திருப்பதாகவும், வேலை மாறியிருப்பதாகவும், நிரலைப் பார்க்கவே நேரமில்லையென்றும், திருத்தம் மிகச் சரியானதென்றும், இனி அதன் பராமரிப்பாளராக இவனே இருக்கச் சம்மதமா என்றும் அதில் கேட்டிருந்தார்.

நான் அவனிடம், “தம்பி, அவர் உன்னை முதலாளி ஆகச் சொல்லவில்லை, முத்தவல்லி ஆகச் சொல்கிறார்” என்றேன். அன்று சொன்னதைச் சற்று விரித்து இங்கே எழுதுவதற்குக் காரணம், இத்தகைய கடிதங்கள் தமிழ் இளைஞர் பலருக்கு இனி வரப்போகின்றன என்பதும், அவற்றை எப்படி வாசிப்பது என்று நம் கல்லூரிகளில் எவரும் கற்பிப்பதில்லை என்பதுமே.

முத்தவல்லி என்னும் சொல் காயலில் பிறந்த எவருக்கும் விளக்க வேண்டாதது. ஒருவர் தம் தோப்பையோ கடையையோ வீட்டையோ பள்ளிவாசலுக்கென்றும், மதரஸாவுக்கென்றும், ஏழைகளின் உணவுக்கென்றும் வக்ஃபு செய்துவிட்டால், அக்கணமே அவர் அதன் உடைமையாளர் அல்லாதவர் ஆகிறார். அவர் பிள்ளைகளும் அதை விற்க முடியாது. ஊராரும் பங்கிட்டுக்கொள்ள முடியாது. உடையவன் என்று மனிதரில் எவருமில்லாத அந்தப் பொருளுக்கு, ஓட்டை மாற்றவும், வாடகையை வசூலிக்கவும், கணக்கு எழுதவும், தானம் செய்தவரின் கருத்து சிதையாமல் பயன் உரியவரைச் சேரும்படி பார்க்கவும் ஒருவர் நியமிக்கப்படுகிறார். அவரே முத்தவல்லி. அவர் கையில் சாவி உண்டு. பத்திரத்தில் உடையவராகப் பெயர் இல்லை. பக்கத்துத் திருச்செந்தூரார் இதே பொறுப்பைத் தர்மகர்த்தா என்ற சொல்லால் அறிவார்கள்.

கட்டற்ற மென்பொருளின் தர்மமும் இதுவே. 1983-இல் ரிச்சர்டு ஸ்டால்மன் என்னும் அமெரிக்கர் குனூ என்ற திட்டத்தை அறிவித்து, 1989-இல் அதற்கென ஒரு பொது உரிமத்தை எழுதியபோது, உலகத்து நிரலெழுத்தாளர்கள் கையில் அவர் கொடுத்தது ஏறக்குறைய ஒரு வக்ஃபுப் பத்திரத்தையே எனலாம். நிரலை எவரும் இயக்கலாம், மூலத்தைப் படிக்கலாம், மாற்றலாம், பகிரலாம். ஆனால் மாற்றியதைப் பகிர்பவர் இதே உரிமைகளைப் பெறுபவருக்கும் தந்தாக வேண்டும். ஒரு முறை இவ்விதம் கொடுத்த பிரதியைத் திரும்பப் பறிக்க எழுதியவராலும் ஆகாது. 1991-இல் பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸ் இந்த உரிமத்தின் நிழலில் வளர்ந்ததுதான். இன்று நம் கைப்பேசியின் ஆண்டிராய்டுக்கு அடியில் ஓடுவதும் அதுவே. வக்ஃபு செய்தோர் ஆயிரக்கணக்கில் உண்டு, முத்தவல்லிகள்தாம் போதவில்லை.

பராமரிப்பாளர் என்ன செய்கிறார் என்பது வெளியிலிருப்போருக்கு எளிதில் விளங்குவதில்லை. அவர் புதிதாக நிரல் எழுதுவது குறைவு. பிறர் எழுதியதை வாசிப்பதே அவருடைய பிரதான காரியம். ஒருவர், ‘இது என் கணினியில் ஓடவில்லை’ என்று ஒற்றை வரியில் முறையிடுவார். எந்தக் கணினி, எந்தப் பதிப்பு, என்ன செய்தபோது என்று பொறுமையாகக் கேட்டு வாங்க வேண்டும். இன்னொருவர் இருநூறு வரி அனுப்புவார். அதில் நூற்றுத்தொண்ணூறு வரி சிறப்பாக இருக்கும், எஞ்சிய பத்து வரியில் பழைய பயனர் அனைவருடைய வேலையும் நின்றுபோகும் ஆபத்து மறைந்திருக்கும். மூன்றாமவர் நல்லெண்ணத்தோடு ஒரு புதிய வசதியைக் கேட்பார். அதைச் சேர்த்தால் இன்று அவர் மகிழ்வார், ஆனால் அவர் போன பிறகும் பத்தாண்டுக் காலம் அதைக் காக்கும் பாரம் பராமரிப்பாளரையே சேரும். ஆகையால் ‘வேண்டாம்’ என்று சொல்லக் கற்பது இந்த வித்தையின் பாதி. அதைக் கேட்டவர் மனம் புண்படாமல், அடுத்த முறையும் திருத்தம் அனுப்பும் உற்சாகம் குறையாமல் சொல்லக் கற்பது மற்றொரு பாதி. பாதுகாப்புக் குறை ஏதும் இரகசியமாக அறிவிக்கப்பட்டால் ஊரறியுமுன் சீர்செய்து வெளியிடுவதும், பதிப்புக்குப் பதிப்பு மாற்றங்களைக் குறித்து வைப்பதும், ஆவணங்களைத் திருத்துவதும், சண்டையிடும் இருவரை ஒரு தீர்மானத்துக்குக் கொண்டுவருவதும் அவருடைய கடமைகளே. இவற்றுள் ஒன்றுகூட, இளைஞர்கள் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது பெருமையாக எழுதிக்கொள்ளும் சாதனைப் பட்டியலில் இடம்பெறுவதில்லை.

நம் சமூகத்தில் தொடங்கி வைப்பவருக்கு மாலை உண்டு. தொடர்ந்து நடத்துபவருக்கு முகமன்கூட இல்லை. திறப்பு விழாவின் கல்வெட்டில் பெயர்கள் செதுக்கப்படுகின்றன. இருபது ஆண்டு கழித்து அதே கட்டடத்தின் கூரையை ஒழுகாமல் காத்தவர் பெயரை எந்தக் கல்லிலும் காணோம். மராமத்து என்ற சொல்லே அரபியிலிருந்து வந்து, தமிழின் குடி என்னும் சொல்லோடு கூடி, குடிமராமத்து என்று நம் நாட்டில் வேரூன்றியது. தாமிரபரணிப் பாசனத்தில் குளத்தையும் கால்வாயையும் தூர்வாரிக் கரை கட்டும் பொறுப்பு, அந்நீரால் பயிரிடும் குடிகள் அனைவரையும் சேர்ந்தது என்ற நியதி இருந்த காலம் ஒன்று உண்டு. பயன் பெறுகிறவன் பராமரிக்கவும் கடன்பட்டவன் என்ற அந்த எண்ணம், மென்பொருள் விஷயத்தில் நமக்கு இன்னும் வரவில்லை. வேறெங்கோ எவரோ எழுதிய நிரலை எடுத்து ஆயிரம் கோடி வியாபாரம் செய்யும் நிறுவனங்களிலேயே, அதற்கு ஒரு திருத்தம் அனுப்புவதற்கு மேலதிகாரியின் அனுமதி கேட்டுக் காத்திருக்கும் ஊழியர்களை நான் அறிவேன்.

பராமரிப்பார் இல்லாத பொருளுக்கு என்ன நேரும் என்பதைக் காயல்பட்டினம் தன் வீட்டுக்குள்ளேயே கண்டிருக்கிறது. 17-ஆம் நூற்றாண்டில் இவ்வூரில் பிறந்த மகான் ஸதக்கத்துல்லா அப்பா போன்ற பேரறிஞர்கள் அரபியில் பாடிய இந்தக் கரையில், தமிழை அரபு எழுத்துகளால் எழுதும் அரபுத்தமிழ் என்னும் முறை தலைமுறை தலைமுறையாக வழங்கியது. அரபியில் இல்லாத ப, ட, ண, ஞ முதலிய ஒலிகளுக்காக, இருக்கும் எழுத்துகளின் மேலும் கீழும் புள்ளிகளையும் குறிகளையும் கூட்டி, ஒரு மொழியின் ஒலிகளை இன்னொரு மொழியின் வரிவடிவத்துக்குள் இழப்பின்றி அடக்கிய அந்த ஏற்பாடு, இன்றைய குறியீட்டு வல்லுநர்கள் செய்யும் காரியத்துக்குச் சற்றும் குறைந்ததன்று. அதற்கு உரிமையாளர் எவரும் இல்லை. எவரும் உரிமை கொண்டாடவும் இல்லை. காயலிலும் கீழக்கரையிலும் இலங்கையிலும் ஏடு பெயர்த்தெழுதியோரும், கல்லச்சில் பதிப்பித்தோரும், வீட்டுத் திண்ணையில் சிறுவர் சிறுமியர்க்குக் கற்பித்தோருமே அதைத் தாங்கி நின்றார்கள். பள்ளிக்கூடத் தமிழும் தமிழ் அச்சும் பரவிய 20-ஆம் நூற்றாண்டில் அந்தக் கைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. இன்று பாட்டனார் கையெழுத்துப் பிரதியை வீட்டில் வைத்துக்கொண்டு, அதிலுள்ளது தமிழே என்று அறிந்திருந்தும், ஒரு வரியையும் படிக்க இயலாத பேரன்மார் பல வீடுகளில் உண்டு. எவரும் அதை அழிக்கவில்லை. அடுத்துப் பொறுப்பேற்கும் கை வரவில்லை, அவ்வளவே.

கணினித் தமிழின் குறுகிய சரித்திரத்திலும் இந்த அபாயம் தொடர்ந்து வருகிறது. பெரும்பாலும் தனி மனிதர்களின் சிரத்தையால் எழுந்த கட்டடம் அது. சுவிட்சர்லாந்தில் ரசாயன விஞ்ஞானியாக இருந்த கு. கல்யாணசுந்தரம், 1998 பொங்கலன்று நண்பர்களோடு தொடங்கிய மதுரைத் திட்டத்தில், தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து பிழை திருத்திய தமிழ் நூல்கள் நூற்றுக்கணக்கில் இலவசமாகக் கிடைக்கின்றன. இ. மயூரநாதன் 2003-இல் தமிழ் விக்கிப்பீடியாவுக்கு அடித்தளமிட்டதோடு நில்லாமல், ஆண்டுகள் பல உட்கார்ந்து ஆயிரக்கணக்கான கட்டுரைகளை எழுதினார், அதுதான் முக்கியம். முகுந்தராஜும் ‘தமிழா’ குழுவினரும் தந்த எ-கலப்பையால் முதன்முதலில் கணினியில் தமிழ் எழுதியவர்கள் எண்ணற்றோர். பாஸ்டனிலிருந்து எழில் என்னும் தமிழ் நிரல்மொழியை உருவாக்கிய முத்து அண்ணாமலை முதலானோரின் ஓப்பன்-தமிழ் தொகுப்பும், த. சீனிவாசனும் நண்பர்களும் 2012 முதல் நடத்திவரும் கணியம் இதழும் இதே மரபினவை.

இவர்களுள் என் மனம் திரும்பத் திரும்பச் செல்வது, நம்மைப் போன்றே ஒரு கடற்கரை ஊரான அதிராம்பட்டினத்தில் 1953-இல் பிறந்த உமர் தம்பியிடம். தமிழ் எழுத்துரு நிறுவப்படாத கணினியிலும் யூனிகோடு தமிழ்ப் பக்கங்கள் தாமாகவே தெரியும்படி, தேனீ என்னும் இயங்கு எழுத்துருவை அவர் செய்து, வேறு பல கருவிகளோடு அதையும் விலையின்றிப் பொதுவில் வைத்தார். புதிதாகத் தமிழில் எழுத வந்தோர், தம் பக்கம் பிறர் கணினியில் வெறும் கட்டங்களாகத் தெரிகிறதே என்று வருந்திய நாள்கள் அவை. அந்த வருத்தத்தைப் போக்கியவர் அவர். 2006-இல் அவர் மறைந்தபோது தமிழிணையம் உண்மையாகவே துக்கித்தது. ஆனால் ஒரு மனிதரோடு ஒரு கருவியின் வளர்ச்சியும் நின்றுபோகுமானால், நாம் அவருக்குச் செய்யும் அஞ்சலி பாதியே ஆகும். தொடங்கியவரின் பெயரைச் சொல்லி உருகும் நாம், அவருடைய மூலநிரலைத் திறந்து பார்க்கிறோமா?

முத்துக்குளிக்கும் காலத்தில், இடுப்பில் கயிறு கட்டி, காலில் கல்லைத் தாங்கி, தூத்துக்குடிக்கு அப்பாலுள்ள தொலாயிரம் பார் போன்ற முத்துப் பார்களில் மூழ்கியவரைப் பற்றியே கதையும் பாட்டும் உண்டு. படகின் மேல் நின்று, கயிற்றின் அசைவிலேயே கண்ணாக இருந்து, குறித்த நொடியில் மேலே இழுத்தவரைப் பற்றிப் பேச்சில்லை. மூழ்குபவரின் உயிரோ இவர் கையில். ஆகையால்தான் அந்தக் கயிற்றை மைத்துனன் கையில் கொடுப்பார்கள், தங்கை தாலி அறுவதை எவனும் விரும்பான் என்று இக்கரையில் சொல்வார்கள். 1961-க்குப் பிறகு தூத்துக்குடியில் முத்துச் சலாபம் நடக்கவில்லை. ஆயினும் அந்தப் பேச்சு நிலைத்திருக்கிறது. பராமரிப்பாளர் கயிறு பிடிப்பவர். அவரை நம்பியே ஆயிரம் பேர் மூழ்குகிறார்கள்.

கயிறு அயலான் கைக்குப் போனால் என்ன ஆகும் என்பதை உலகம் 2024 மார்ச்சு மாதத்தில் நேரில் கண்டது. கோப்புகளைச் சுருக்குவதற்கு உதவும் எக்ஸ்-இசட் என்னும் சிறு தொகுப்பு, லினக்ஸ் வகைக் கணினிகள் ஏறக்குறைய அனைத்திலும் இருப்பது. லாஸே காலின் என்னும் பின்லாந்துக்காரர் ஒருவரே ஊதியமின்றி அதை ஆண்டுக்கணக்காகப் பராமரித்து வந்தார். 2021 முதல் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் நல்ல நல்ல திருத்தங்களாக அனுப்பத் தொடங்கினார். 2022-இல், முன்பின் அறியாத வேறு சில பெயர்கள், ‘வேலை மிகவும் மந்தமாக நடக்கிறது, புதியவரிடம் கொடுத்துவிடும்’ என்று அவரை நெருக்கின. அவரோ நெடுநாளாக மனநலச் சிக்கல்களோடு இருந்தார். அதை வெளிப்படையாகவே சொல்லவும் செய்தார். முடிவில் புதியவருக்குப் பொறுப்பில் பங்கு கிடைத்தது. 2024 தொடக்கத்தில் வெளியான இரு பதிப்புகளில், தொலைவிலிருந்து கணினிகளுக்குள் புகுவதற்கான கள்ளக்கதவு ஒன்று வெகு சாமர்த்தியமாக ஒளித்து வைக்கப்பட்டிருந்தது. ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்னும் பொறியாளர், தம் கணினியில் உள்நுழைவு அரை வினாடி தாமதிக்கிறதே என்று சந்தேகித்துத் துருவியதால் மார்ச்சு 29 அன்று அது அம்பலமாயிற்று. அந்த அரை வினாடியை அவர் பொருட்படுத்தாது விட்டிருந்தால், அந்தக் கதவு உலகெங்குமுள்ள சேவைக் கணினிகளைச் சென்று சேர்ந்திருக்கும்.

இந்தச் சம்பவத்திலிருந்து, அயலாரை நம்பாதே என்ற பாடத்தைப் பலர் எடுத்துக்கொண்டார்கள். நான் எடுத்துக்கொள்வது வேறு. லாஸே காலின் களைத்திருந்தபோது, அவர் நிரலால் பயன்பெற்ற கோடானுகோடிப் பேரில், நல்லெண்ணமுள்ள ஒருவர்கூட ‘நான் தோள் கொடுக்கிறேன்’ என்று முன்வரவில்லை. தீய எண்ணமுள்ளவர் முன்வந்தார். குற்றம் களைத்தவருடையதன்று.

ஆதலால், என் உறவினனைப் போன்ற இளைஞர்களுக்கு இந்தப் பொறுப்பு எவ்வாறு வந்து சேருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். இதற்கு விண்ணப்பப் படிவம் இல்லை. நேர்முகத் தேர்வும் பெரும்பாலும் இல்லை. முதலில் ஒரு பிழையைத் தெளிவாக எழுதி அறிவிக்கிறீர்கள். பிறகு ஒரு சிறு திருத்தம். அதன்பின், பிறர் அனுப்பிய திருத்தங்களை வாசித்து உங்கள் அபிப்பிராயத்தைச் சொல்கிறீர்கள். புதிதாக வந்தவர் கேட்கும் பழைய கேள்விக்குச் சலிக்காமல் விடை தருகிறீர்கள். ஓராண்டு, ஈராண்டு இப்படிப் போன பின்பு ஒரு நாள், சாவிகளில் ஒன்று உங்கள் கையில் இருப்பதைக் காண்கிறீர்கள். 1993-இல் தோன்றிய டெபியன் என்னும் திட்டத்தில் இதை ஒரு சாத்திரமாகவே வகுத்திருக்கிறார்கள். அங்கே முழு உறுப்பினராக விரும்புவோர், ஏற்கெனவே உறுப்பினராக உள்ளவரைக் கொண்டு தம் அடையாளத்தை உறுதிசெய்து கொள்ள வேண்டும். அத்திட்டத்தின் கொள்கைகளை அறிந்திருப்பதையும், வேலைத்திறமையையும் மெய்ப்பிக்க வேண்டும். அதற்கு முன்பு, அவர் ஆக்கியதைப் பழைய உறுப்பினர் ஒருவர் சோதித்துத் தம் பொறுப்பில் ஏற்றி வைப்பார். பராமரிப்பார் கைவிட்ட தொகுப்புகளை ‘அநாதை’ என்றும், அவற்றை ஏற்பதைத் ‘தத்தெடுத்தல்’ என்றும் அவர்கள் அழைக்கிறார்கள். அநாதைகளின் பட்டியலும் எவரும் பார்க்கும்படி வெளியே வைக்கப்பட்டிருக்கிறது. இந்த இரண்டு சொற்களில் இருக்கும் மனிதத்தன்மை என்னை நெகிழ்விக்கிறது.

ஒப்படைப்பதும் ஒரு கலை. கிட் என்னும் கருவியை 2005 ஏப்ரலில் உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், அவ்வாண்டு ஜூலையிலேயே அதை ஜூனியோ ஹமானோவிடம் கொடுத்துவிட்டு விலகினார். இருபது ஆண்டாக அதைப் பேணி வருபவர் ஹமானோவே. பைத்தான் மொழியைப் படைத்த கைடோ வான் ராசம் 2018-இல் தலைமையை விட்டிறங்கியபோது, சமூகத்தார் கூடி ஐவர் குழுவைத் தேர்ந்தெடுத்துக்கொண்டனர். விம் என்னும் பதிப்பியை 1991 முதல் தாமே வளர்த்த பிராம் மூலெனார் 2023 ஆகஸ்டில் காலமானபோது, உடனிருந்த தொண்டர்கள் பொறுப்பேற்று, அடுத்து வந்த 9.1 பதிப்பை அவர் நினைவுக்குச் சமர்ப்பித்தனர். வாரிசைக் குறித்து யோசிக்காத முத்தவல்லி, எவ்வளவு உத்தமராயினும், தம் கடமையில் ஒரு பகுதியைச் செய்யாதவரே.

பணத்தைப் பற்றிப் பேசாமல் தியாகத்தை மட்டும் புகழ்வது நியாயமாகாது. உலகத்து வங்கிப் பரிமாற்றங்களைக் காத்து நின்ற ஓப்பன்-எஸ்எஸ்எல் தொகுப்பில் 2014-இல் ‘ஹார்ட்பிளீட்’ என்னும் பெரும் ஓட்டை வெளிப்பட்டபோதுதான், அதற்கு ஆண்டுதோறும் வந்த நன்கொடை ஏறத்தாழ 2,000 டாலர் என்பதை உலகம் அறிந்து நாணியது. நம் நாட்டில் பங்கு வர்த்தக நிறுவனமான ஸெரோதா, கட்டற்ற மென்பொருள்களுக்கென ஆண்டுக்குப் பத்து லட்சம் டாலர் வழங்குவதாக 2024-இல் ஒரு நிதியை அறிவித்தது. மற்ற நிறுவனங்கள் வெட்கப்பட வேண்டிய முன்மாதிரி அது. தமிழ்நாடு அரசு முதலமைச்சர் கணினித் தமிழ் விருது என ஒன்றை வழங்கி வருகிறது, மகிழ்ச்சி. அதே கையால், பத்தாண்டு பழைய ஒரு தமிழ்க் கருவியைப் பழுதின்றி நடத்தி வருபவருக்கு மாதச் சன்மானம் ஒன்றும் தரலாம் என்பது என் விண்ணப்பம். புதியதை ஆக்க நிதி கிடைக்கிறது, பழையதைக் காக்க நிதி கிடைப்பதில்லை என்றால், ஒரே எழுத்துமாற்றியை ஐந்து பேர் ஐந்து முறை புதிதாக எழுதுவார்கள். ஐந்தும் மூன்றாண்டில் அநாதையாகும்.

அரசையும் நிறுவனங்களையும் எதிர்பார்த்து நாம் சும்மா இருக்கவும் வேண்டியதில்லை. வெளிநாடு சென்ற காயலர்கள் எந்த நகரில் பத்துப் பேர் சேர்ந்தாலும் ஒரு நல மன்றம் அமைத்து, ஊர்ப் பிள்ளைகளின் படிப்புக்கும் ஏழைகளின் வைத்தியத்துக்கும் பொருள் அனுப்புவது வழக்கம். அந்த மன்றங்களில் கணினி அறிந்தோர் இன்று பலர். அவர்கள் ஆளுக்கு ஒரு தமிழ்க் கருவியைத் தத்தெடுத்துக்கொள்ளலாம். அரபுத்தமிழ் ஏடுகளைக் கணினியில் ஏற்றி, தமிழ் எழுத்தில் பெயர்த்துக் காட்டும் திறந்த நிரல் ஒன்றைக் கூட்டாக எழுதி, கூட்டாகவே காக்கலாம். பாட்டனாரின் பிரதி பேரனுக்குத் திரும்பவும் வாய் திறக்கும். இதற்குக் காயலைவிடத் தகுந்த ஊர் எது?

என் உறவினன் அந்தக் கடிதத்துக்குச் சம்மதம் எழுதிவிட்டான். வாரத்தில் ஒரு நாள், வெள்ளி இரவு இரண்டு மணி நேரம் மட்டுமே தருவதாகவும், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாமென்றும் முதலிலேயே வெளிப்படையாக அறிவித்திருக்கிறான். அது சரியான காரியம். ‘கொற்கை’ இப்போது எல்லா ஆவணங்களிலும் அகப்படுகிறது. விடை பெறாத முறையீடுகள் இன்னும் பல அவன் முன்னே கிடக்கின்றன. பராமரிப்போர் பட்டியலில் அவன் பெயர் மட்டுமே இருக்கிறது. இரண்டாவது பெயர் வேண்டும். தமிழும் சிறிது நிரலும் அறிந்தவர்களே, உங்கள் கணினியில் நாள்தோறும் பயன்படும் ஏதேனும் ஒரு தமிழ்க் கருவியின் மூலநிரலை இந்த வாரம் திறந்து, அங்கே மறுமொழியின்றிக் கிடக்கும் முறையீடு ஒன்றுக்கு விடை எழுதுங்கள்.